பதினைந்து இதழ்

கண்டிக்கு வருகிறவர்கள் குளத்தைப் பார்க்கிறார்கள்.
நான் வயர்மேன், அண்ணாந்தே பிழைப்பவன்.
தம்பி கமலதாசன் கன்னத்தைப் பொத்தியபடி முன்னே போக
நான் பெயர்ப்பலகைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டு
இரண்டு பேரின் காலை மிதித்தேன்.

மேலேதான் இருக்கிறது பழைய ஊர்.
கீழே செருப்புக் கடை, மேலே
விசிறியாய் விரிந்த வண்ணக் கண்ணாடி.
ஒரு கட்டத்தில் மட்டும் பிஸ்கட் பெட்டி அட்டை.
கீழே நகை அடகு, மேலே
சுண்ணாம்பில் எழுதிய வருடம்.
கடைசி இலக்கத்தை
ஓர் அரசங்கன்று தின்றுவிட்டது.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒன்றரை முழம்.
அதற்குள் ஒருவன் சாவி வெட்டுகிறான்.
அவன் மட்டும் உள்ளே,
கதிரை பாதி வீதியில்.

பல் டாக்டர் இரண்டாம் மாடி.
மரப்படிகள் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தன,
கைப்பிடி இருக்கும் பக்கம்.

எங்கள் இலக்கம் பதினொன்று.
ஐந்து கதிரை, பச்சை அடித்த பலகைத் தடுப்பு,
வட்டப் பீங்கான் சுவிட்ச், அதன் மூக்கு பித்தளை.
துணி சுற்றிய பழைய வயர் ஒன்று
உத்தரத்தோரம் அப்படியே கிடந்தது.
அதில் உயிர் இல்லையென்று எல்லோரும் நம்புகிறார்கள்.
நான் தொட மாட்டேன்.

அதைத் தொடர்ந்து போன கண்
சீலிங்கில் முட்டியது:
சாந்தில் செய்த ஒரு பூ, தட்டகலம்,
நடுவே விளக்குத் தொங்கிய கொக்கி.
முழுப் பூ அல்ல.
பலகை குறுக்கே வந்து வெட்டியிருந்தது.
என் பக்கம் ஐந்து இதழ்.
இன்னொரு பலகை டாக்டரின் அறைக்குள் ஓடியது.
மிச்சம் யாரிடம்?

ஒரு காலத்தில் இது ஒரே மண்டபம்.
யாரோ இங்கே விருந்து வைத்திருக்கலாம்,
பியானோகூட இருந்திருக்கலாம்.
எனக்கு அவர்கள்மேல் பெரிய ஏக்கம் ஒன்றுமில்லை.
நான் பிறந்தது
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்.
அங்கே சுவர் பாதியில் நிற்கும், உத்தரம் நிற்காது.
ஒரே உத்தரம் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேலே போகும்,
ஆறாம் வீட்டுச் சண்டையை
முதல் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்.
தடுத்த பிறகும் ஒன்றாயிருக்கும் கூரை
எனக்குத் தெரிந்த பாடம்தான்.

தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள்.
நான் பக்கத்துக் கதவுக்குப் போனேன்.
போன் திருத்தும் கடை.

“என்ன வேணும் அண்ணே?”
“கண்ணாடி ஒட்டணும் நானா.”
என் போனில் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது.
எழுநூறு ரூபாய்க்கு மேலே பார்த்தேன்.
ஆறு இதழ்.
டியூப் லைட் கம்பி ஒன்றின் நுனியைத் துளைத்திருந்தது,
எவனோ என் தொழில்காரன், வெட்கமில்லாதவன்.

“நானா, பூவைப் பார்த்திருக்கிறீங்களா?”
“எந்தப் பூ?”
பதினேழு வருடமாம் அவர் அங்கே.
ஒழுகினால் மட்டும் மேலே பார்ப்பாராம்.
பஸ்மில் நானா அண்ணாந்தார்.
கையிலிருந்த எள்ளளவு ஸ்க்ரூ தரையில் விழுந்தது.
இருவரும் முழந்தாளிட்டுத் தேடினோம்.
தரையிலும் பூ,
கறுப்பு வெள்ளைக் கல்லில்,
மேசைக்கால் ஒன்று அதன் நடுவில்.

பஸ் கம்பளையைத் தாண்டியபோது
தம்பி என் தோளைத் தட்டினான்.
வாய் முழுக்கப் பஞ்சு.
நான்கு விரலைக் காட்டினான்.
“நாலாயிரமா எடுத்தார்?”
இல்லையென்று தலையாட்டி
பஸ்ஸின் கூரையைக் காட்டினான்,
விரல்களை மெல்ல விரித்தான்.

சாய்வு நாற்காலியில், ஊசி மரத்த வாயோடு
அவனும் எண்ணியிருக்கிறான்.

ஐந்தும் ஆறும் நாலும்.
கினிகத்தேனை வளைவுகளில்
திரும்பத் திரும்பக் கூட்டினேன்.
பதினைந்துதான் வருகிறது.
எதிரெதிராய் வைத்த பூ ஒற்றையில் முடியாது.
ஒன்று பலகைகள் சந்திக்கும்
இரண்டு அங்குல இருட்டுக்குள் நிற்கிறது.
அதற்கு டாக்டரும் வாடகை கட்டுவதில்லை,
நானாவும் கட்டுவதில்லை.

தம்பி தூங்கிவிட்டான்,
பஞ்சு தெரிய, வாயைத் திறந்தபடி.